வாட் எண்ணைப் பார்த்து பேஸ் ஆம்ப் வாங்காதீர்கள்

காயில் (உள்ளிருக்கும் செப்புக் கம்பிச் சுருள்) கருகிய 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்று மறுபடியும் என் பணிமேசைக்கு வந்திருக்கிறது. கொண்டுவந்த பேஸ் கிட்டார் கலைஞர், திறந்தவெளி மேடையில் தம் வாசிப்பு கேட்கவில்லை என்பதற்காக, வைத்திருந்த 500 வாட் ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபையரை) விற்றுவிட்டு 800 வாட் ஆம்ப் வாங்கியிருக்கிறார். ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் மாற்றவில்லை. புதிய ஆம்ப்பிலும் கேட்காமல் போகவே பேஸ் குமிழை முழுவதும் திருப்பிவிட்டு வாசித்திருக்கிறார். ஸ்பீக்கர் அந்த நிகழ்ச்சியின் பாதியிலேயே அடங்கிவிட்டது. பழுதுபார்ப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் வேலை கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும், செலவழிக்க வேண்டிய இடத்தில் செலவழிக்காமல், தேவையற்ற இடத்தில் பணத்தைக் கொட்டிவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் சலித்துவிட்டது.

ஆகவே எல்லாவற்றுக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: வாட் என்பது ஒலியின் அளவு அன்று. 500 வாட்டுக்கும் 800 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2 டெசிபல்தான் (டெசிபல் என்பது ஒலியின் உரப்பை அளக்கும் அலகு). கூர்ந்து கேட்டால் தெரியும். மேடையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், தெரியாது. வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு இருமடங்கு உரத்துக் கேட்பதாகத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் ஏற வேண்டும்; அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும், அதாவது 500 வாட் வைத்திருப்பவருக்கு 5000 வாட். அதைத் தாங்கும் 10 அங்குல ஸ்பீக்கரை நான் இதுவரை கண்டதில்லை. அதே நேரத்தில், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளக்கும்போது ஒரு பெட்டி 97 டெசிபலும் மற்றொன்று 100 டெசிபலும் தந்தால், அந்த இரண்டாவது பெட்டி உங்கள் ஆம்ப்பின் வாட்டை எந்தச் செலவுமின்றி இரட்டிப்பாக்கித் தருவதற்குச் சமம். விவரத்தாளில் அந்த எண்ணை யாருமே பார்ப்பதில்லை; பார்ப்பதெல்லாம் ஆம்ப்பின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான். அந்த எண்ணும்கூட, பெரும்பாலும், 4 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அலகு) பெட்டியை இணைத்தால் கிடைப்பது. 8 ஓம் பெட்டி ஒன்றை மட்டும் இணைப்பவருக்கு அதில் ஏறத்தாழப் பாதிதான் கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. காயிலுக்குள் போகும் மின்சாரத்தில் மிகச் சிறிய பங்குதான் ஒலியாகிறது, எஞ்சியதெல்லாம் வெப்பம். செப்புக் கம்பியின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் மின்தடை ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுகிறது. அதனால் ஏற்கெனவே சூடாகியிருக்கும் ஸ்பீக்கருக்கு நீங்கள் மேலும் மேலும் கொடுக்கும் வாட் ஒலியாக வெளிவராமல் காயிலையே சுட்டுக்கொண்டிருக்கிறது. ஒலி ஏறவில்லையே என்று குமிழை இன்னும் திருப்புகிறீர்கள்.

வெப்பத்தைவிட விரைவாக ஸ்பீக்கரைக் கொல்வது கோனின் (ஸ்பீக்கரின் முன்புறம் அதிரும் கூம்பு வடிவத் தகடு) அசைவு. நான்கு கம்பி பேஸின் கீழ் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வுகள். ஐந்து கம்பி பேஸின் கீழ் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். ஒரே அளவு ஒலியைத் தர, அதிர்வெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். சிறிய விசிறியால் பெரிய விசிறியின் காற்றைத் தர வேண்டுமானால் அதை அகல வீச வேண்டியிருக்கிறது அல்லவா, அதுபோல்தான் 10 அங்குல கோன் ஒன்று தனியாக நின்று திறந்தவெளியை நிரப்ப முயல்வதும். பேஸ் குமிழை 6 டெசிபல் ஏற்றினால் அந்தக் கீழ்ச் சுரங்களுக்கு நான்கு மடங்கு வாட் கேட்கிறீர்கள். 12 டெசிபல் ஏற்றினால் பதினாறு மடங்கு. துளையுள்ள பெட்டியாக இருந்தால், அது சுருதிசேர்க்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே கோனைத் தாங்கிப் பிடிக்கும் காற்றழுத்தமே இராது. பெட்டியின் பின்னால் 300 வாட் என்று எழுதியிருப்பது காயில் தாங்கும் வெப்பத்தைப் பற்றிய கணக்கு. 40 ஹெர்ட்ஸில் அதைவிட மிகக் குறைந்த வாட்டிலேயே கோன் தன் எல்லையைத் தாண்டிவிடலாம். சிறிய பெட்டி, ஆழ்ந்த கீழ்ச்சுரம், உரத்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும் என்பதை ஒலித்துறையில் ஹாஃப்மன் இரும்பு விதி என்கிறார்கள். எந்த விளம்பரமும் இந்த விதியை மாற்றிவிடவில்லை.

1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடியை நினைத்துப் பாருங்கள். வால்வுகளால் (வெற்றிடக் குழாய்களால்) ஆன அந்த ஆம்ப் 300 வாட். அது மட்டுமே 35 கிலோவுக்கு மேல் எடை. ஆனால் அந்த 300 வாட்டைச் சுமக்க தலா எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட, மார்பளவு உயரமுள்ள இரண்டு பெட்டிகளை வைத்தார்கள். இன்று ஒற்றை ஸ்பீக்கருக்கு 800 வாட் கொடுத்துவிட்டு அதே முழக்கத்தை எதிர்பார்க்கிறோம்.

எடை குறைந்ததை நான் குறை சொல்லவே இல்லை. முதுகுவலியால் வாசிப்பையே குறைத்துக்கொண்டவர்களை அறிவேன். கிளாஸ் டி எனப்படும் எடை குறைந்த ஆம்ப் சுற்றும், கனத்த டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக வந்த ஸ்விட்ச்மோட் பவர் சப்ளையும், ஃபெரைட் காந்தத்துக்குப் பதிலாக வந்த நியோடிமியமும் அவர்களுக்குப் பெரிய விடுதலை. 2 அல்லது 3 கிலோ எடையில் நம்பிக்கையான 500 வாட் ஆம்ப் இன்று சாதாரணமாகக் கிடைக்கிறது. தரமான நியோடிமியம் ஸ்பீக்கர் தன் எடைக் குறைவால் ஒலியில் எதையும் இழப்பதில்லை. பெட்டியின் மரத்தில் மட்டும் கவனம் வேண்டும்: மெல்லிய பிளைவுட்டை உள்ளே போதிய குறுக்குச் சட்டங்கள் இன்றி அடித்திருந்தால் பெட்டியே அதிர்ந்து கீழ்ச்சுரங்களை மழுக்கிவிடும். பக்கவாட்டுப் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். மத்தளம்போல் முழங்கினால் வேண்டாம்.

அடுத்து ஓம் கணக்கு. இதில் நான் பொறுமை இழந்துவிடுகிறேன், மன்னிக்க வேண்டும். ஆம்ப்பின் பின்புறம் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் துளைகளும் ஏறத்தாழ எப்போதுமே பக்க இணைப்பில்தான் இருக்கின்றன. ஒரு பெட்டியிலிருந்து கேபிள் எடுத்து அடுத்த பெட்டிக்குக் கொடுத்தாலும் அது தொடரிணைப்பு ஆகிவிடாது. அதுவும் பக்க இணைப்பே. 8 ஓமும் 8 ஓமும் சேர்ந்தால் 4 ஓம். 8 ஓமும் 4 ஓமும் சேர்ந்தால் 2.67 ஓம். 4 ஓம் பெட்டிகள் இரண்டு சேர்ந்தால் 2 ஓம். உங்கள் ஆம்ப்பின் பின்புறம் குறைந்தபட்சம் 4 ஓம் என்று அச்சிட்டிருந்தால், பின்னிரண்டும் உங்களுக்கு உரியவை அல்ல. "போன மாதம் இணைத்தேன், நன்றாகத்தானே வேலை செய்தது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சின்ன அறையில் பாதி ஒலியில் வேலை செய்யும்; நிகழ்ச்சி சூடுபிடிக்கும் நேரத்தில் பாதுகாப்புச் சுற்று ஆம்ப்பை அணைத்துவிடும், அல்லது அணைக்காமல் போய் என்னிடம் வரும். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு விதி வேறு: அங்கே ஓம் தேர்வு பெட்டியோடு பொருந்த வேண்டும், ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் வாசிக்கவே கூடாது.

சரி, எதை வாங்குவது? பலவகை மேடைகளில் வாசிப்பவர் என்னிடம் கேட்டால், முதலில் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள், ஆம்ப்பைப் பிறகு பார்க்கலாம் என்பேன். ஒரே மாதிரியான, தலா 8 ஓம் கொண்ட இரண்டு ஒற்றை 12 அங்குலப் பெட்டிகள். 4 ஓம் வரை தாங்கும் 500 வாட் அளவிலான ஆம்ப் ஒன்று. 12 அங்குல கோனின் பரப்பு 10 அங்குல கோனைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. சிறு அறையில் மூவர் குழுவுக்கு ஒரு பெட்டி போதும். டிரம்ஸ் ஓங்கி ஒலிக்கும் குழுவுக்கு இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டாவது பெட்டியைச் சேர்க்கும்போது கீழ்ச்சுரங்களில் 6 டெசிபல் வரை கூடுகிறது. 800 வாட் ஆம்ப் வாங்கியவருக்குக் கிடைத்த 2 டெசிபலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பு போதுமாயிருந்த அதே ஒலியளவிலேயே வாசித்தால் ஒவ்வொரு கோனும் பாதித் தூரமே அசைகிறது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேல் ஸ்பீக்கர் உங்கள் காதை நெருங்கும், ஒலியும் மேடையின் அகலத்துக்குச் சீராகப் பரவும். ஒரே 4 ஓம் பெட்டி வாங்கினால் ஆம்ப்பின் முழு வாட்டும் அதற்கே கிடைக்கும் என்பது உண்மை, ஆனால் பின்னால் இன்னொன்றைச் சேர்க்கும் வழி அடைபட்டுவிடும்.

பெரிய அரங்கிலும் திறந்தவெளியிலும் உங்கள் பெட்டி பார்வையாளர்களுக்காக அன்று, உங்களுக்காக. அங்கே ஆம்ப்பின் டிஐ வெளியீட்டிலிருந்து (சிக்னலை நேரடியாக மிக்ஸருக்கு அனுப்பும் இணைப்பு) மிக்ஸருக்குக் கொடுங்கள். பார்வையாளர்களை அடையும் பொறுப்பு அரங்குக்கான பிஏ ஸ்பீக்கர்களுடையது. நம் கலைஞர் இதைச் செய்திருந்தால் பழைய 500 வாட்டே தாராளம். டிஐயை ஈக்யூவுக்கு (ஒலியின் தன்மையை மாற்றும் குமிழ்கள்) முன்னிருந்து எடுக்கும் வசதியும், இரைச்சல் வந்தால் டிஐ இணைப்பின் எர்த்தை மட்டும் (மின் இணைப்பின் எர்த்தை அன்று) துண்டிக்கும் பொத்தானும் ஆம்ப்பில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். அதைவிடவும் முக்கியமாக, 30 முதல் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் விடாதீர்கள். காதுக்குத் தெரியாத இழப்பு, ஸ்பீக்கருக்கோ பெரிய காப்பு. டபுள் பேஸும் வாசிப்பவர்கள் பீசோ பிக்கப்புக்கு (அதிர்வை மின்சிக்னலாக்கும் உணரி) ஏற்ற, குறைந்தது 1 மெகாஓம் உள்ளீடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அடிநாதம் மெலிந்து நாசிக்குரல் மட்டுமே மிஞ்சும்.

கேட்கவில்லை என்றால் முதலில் பெட்டியைச் சாய்த்து வையுங்கள், அல்லது உயர்த்துங்கள். முழங்காலுக்கு ஒலித்துக்கொண்டிருக்கும் பெட்டியை உங்கள் காது எப்படிக் கேட்கும்? அப்போதும் போதாவிட்டால் பேஸ் குமிழைக் குறைத்து, 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதியைச் சிறிது ஏற்றுங்கள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது இனிக்கும் ஒலி, குழுவோடு சேர்ந்ததும் காணாமல் போவது இந்த நடுப்பகுதியைக் குடைந்துவிடுவதால்தான். கடையிலும் தனியாக வாசித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இயன்றால் உங்கள் டிரம்ஸ் கலைஞரையும் உங்கள் பேஸையும் கூட்டிச் செல்லுங்கள்.

கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடாதீர்கள். அதன் உட்கம்பி மெல்லியது, சூடாகும். பூட்டிக்கொள்ளும் ஸ்பீக்கான் கேபிளே நல்லது. கிளாஸ் டி ஆம்ப்பின் ஸ்பீக்கர் வெளியீட்டில் பெரும்பாலும் இரண்டு முனைகளிலுமே மின்சாரம் உண்டு. அதை மிக்ஸருக்கோ இன்னொரு ஆம்ப்பின் உள்ளீட்டுக்கோ கொடுத்தால் இரண்டு கருவிகளில் ஒன்றாவது பழுதாகும். காற்றுத் துளைகளை உறையால் மூடாதீர்கள். 2 கிலோ ஆம்ப் பெட்டியின் அதிர்வில் மெல்ல மெல்ல நகர்ந்து விழும். விளிம்பு நசுங்கிய ஆம்ப்கள் என் அலமாரியில் எப்போதும் உண்டு. அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள், வாரால் கட்டினால் இன்னும் நல்லது.

பழைய பெட்டி வாங்குகிறவர்கள் கோனை இரு கைவிரல்களாலும் சமமாக மெதுவாக அழுத்திப் பாருங்கள். உரசும் ஓசை கேட்டால் காயில் வளைந்திருக்கலாம். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓமை ஒட்டிக் காட்டினால் அது குறையன்று, அப்படித்தான் காட்டும். வாசித்துக்கொண்டிருக்கும்போது பெட்டியிலிருந்து கருகிய வார்னிஷ் வாசனை வந்தால், தயவுசெய்து அந்தப் பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஒலியை இறக்குங்கள், டிஐ வழியாக மேடை மானிட்டரில் வாசித்து நிகழ்ச்சியை முடித்துவிட்டு, மறுநாள் பெட்டியை மட்டும் கொண்டுவாருங்கள். காயில் முற்றிலும் எரியாமல் வந்தால் பெரும்பாலும் என்னால் ஏதாவது செய்ய முடிகிறது.