பூசணிப் பிஞ்சை அழுக வைப்பது விரலா?

போன மாதம் செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடத்தில் பரங்கி, சுரை, பீர்க்கு, அவரை எல்லாம் போட்டிருக்கிறார். ஆட்டு எருவுக்கும் தண்ணீருக்கும் குறைவில்லை. பரங்கிக் கொடி கூரை ஏறிவிட்டது, பூவும் நிறையப் பூக்கிறது. ஆனால் பிஞ்சு எலுமிச்சை அளவில் நின்று, மஞ்சளாகி, நுனியில் இருந்து அழுகி விழுந்துவிடுகிறது. "பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விரல் நீட்டிக் காட்டுவதால்தான் இப்படி ஆகிறது என்கிறார் என் மாமியார். அறிவியலில் இதற்கு வேறு காரணம் உண்டா?" என்பது அவர் கேள்வி.

என் பாட்டியும் இதையேதான் சொல்வார். பூசணிப் பிஞ்சைக் காட்ட வேண்டுமானால் விரலை மடக்கிக் காட்ட வேண்டும், நீட்டினால் அழுகிவிடும். சின்ன வயதில் நானும் மடக்கித்தான் காட்டினேன். இந்த நம்பிக்கையில் என்னை வெகுநாள் யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. கத்தரிக்கும் வெண்டைக்கும் மிளகாய்க்கும் யாரும் இப்படிச் சொல்வதில்லை. பூசணிக்கு மட்டும் ஏன்?

விடை பூவின் அமைப்பிலேயே இருக்கிறது. கத்தரிப் பூவில் சூலகம், அதாவது பின்னால் காயாக மாறும் பகுதி, இதழ்களுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். காய் பிடிக்காவிட்டால் பூ உதிர்ந்துபோகும், நாம் அதைக் கவனிக்கக்கூட மாட்டோம். பூசணிக் குடும்பத்தில் சூலகம் இதழ்களுக்குக் கீழே, வெளியே இருக்கிறது. பூ மொட்டாக இருக்கும்போதே அதன் அடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு குட்டிப் பூசணி தெரியும். அதைத்தான் "பிஞ்சு விட்டிருக்கிறது" என்று ஆசையோடு காட்டுகிறோம். உண்மையில் அது இன்னும் பிஞ்சே இல்லை, மகரந்தத்துக்குக் காத்திருக்கும் சூலகம். மகரந்தம் வந்தால் காயாகும், வராவிட்டால் அழுகும். காத்திருக்கும் அந்த நாட்களில் யாராவது ஒருவர் கட்டாயம் அதைக் காட்டியிருப்பார். அழுகியது நினைவில் நிற்கிறது. காட்டிய பிறகும் காயானது மறந்துபோகிறது. வேண்டுமானால் நீங்களே சோதிக்கலாம். பத்துப் பெண் பூக்களில் ஐந்தை மட்டும் தினமும் விரல் நீட்டிக் காட்டுங்கள், மற்ற ஐந்தை விட்டுவிடுங்கள். நூல் கட்டி அடையாளம் வையுங்கள். செலவில்லாத ஆராய்ச்சி இது. பிள்ளைகளிடம் விட்டால் அவர்களே கணக்கு வைப்பார்கள்.

ஆண் பூ, பெண் பூ என்று ஒரே கொடியில் தனித்தனியாகப் பூப்பது பள்ளியில் படித்ததுதான். நீளமான மெல்லிய காம்பில் நிற்பது ஆண், அடியில் உருண்டை இருப்பது பெண். ஆண் பூக்கள் முதலில் வரும், எண்ணிக்கையிலும் அதிகம். மார்கழிக் கோலத்தில் சாண உருண்டையில் வைக்கப் பூசணிப்பூ பறிக்கும் பெண்கள், நீளக் காம்புப் பூவாகப் பார்த்துத்தான் பறிப்பார்கள். காய்க்கிற பூவைப் பறிக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். பாடப் புத்தகம் வருவதற்கு முன்பே அந்தப் பாடம் நம் வாசலில் இருந்தது.

சரி, மகரந்தத்துக்கு வருவோம். பூசணியின் மகரந்தத் தூள் மிகப் பெரியது. ஒரு துகளின் குறுக்களவு நம் தலைமுடியின் தடிமனை மிஞ்சும். மேலெல்லாம் முள், முள்மேல் எண்ணெய்ப் பசை. காற்றில் பறக்கவே பறக்காது, ஏதாவது ஒரு பூச்சி சுமந்து வந்தால்தான் உண்டு. நேரமும் குறைவு. பூ விடியலுக்கு முன் விரிந்து, வெயில் ஏறி உச்சிக்கு வருவதற்குள் சுருங்கிவிடும். மறுநாள் அது விரியாது. பல செடிகளின் மகரந்தம் உலர்ந்த நிலையில் நாள் கணக்கில் தாங்கும். பூசணி மகரந்தம் ஈரம் போனால் செத்துவிடும். எனவே ஒரு பெண் பூவின் வாழ்நாள் வாய்ப்பு என்பது ஒரே ஒரு காலைப்பொழுது.

தேனீ வந்து அமர்ந்து, ஆண் பூவில் இருந்து கொண்டுவந்த மஞ்சள் தூளைப் பெண் பூவின் சூல்முடியில், அதாவது மகரந்தத்தை வாங்கும் நுனியில், தேய்த்துவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான விளக்கங்கள் இத்தோடு நின்றுவிடும். எனக்குப் பிடித்த பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

சூல்முடியின் ஈரத்தை உறிஞ்சிய மகரந்தத் துகள் முளைக்கிறது, ஒரு விதை முளைப்பது போலவே. அதிலிருந்து ஒரு குழாய் நீண்டு சூல்தண்டுக்குள் இறங்குகிறது. நுனியில் மட்டுமே வளரும் ஒற்றைச் செல் அது. தானாக நகர முடியாத ஆண் அணுக்களை அது உள்ளே சுமந்து செல்கிறது. ஒரு துகளைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு நீளம் அது வளர வேண்டும். கண் இல்லை, நரம்பு இல்லை, உள்ளே இருட்டு. கீழே விதையாகப் போகும் சில நூறு சூல்கள் காத்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு குழாய் வேண்டும். அது எப்படி வழி கண்டுபிடிக்கிறது?

இந்தக் கேள்வி விஞ்ஞானிகளை நூறு வருடத்துக்கு மேல் அலைக்கழித்தது. ஜப்பானிய ஆய்வாளர் டெட்சுயா ஹிகாஷியாமா, சூலுக்கு வெளியே கருப்பை (முட்டைச் செல் இருக்கும் நுண்ணிய பை) நீட்டிக்கொண்டிருக்கும் டோரினியா என்ற அலங்காரச் செடியை எடுத்துக்கொண்டார். மற்ற செடிகளில் மறைந்திருப்பது இதில் நுண்ணோக்கியில் நேராகத் தெரியும். கருப்பையின் செல்களை லேசர் ஒளியால் ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தார்கள். முட்டையை அழித்தபோதும் குழாய் வந்து சேர்ந்தது. முட்டையின் இருபுறமும் இருக்கும் சினர்ஜிட் என்ற துணைச் செல்கள் இரண்டையும் அழித்தபோது எந்தக் குழாயும் வரவில்லை. இது 2001ல் வெளியானது. 2009ல் அந்தத் துணைச் செல்கள் சுரக்கும் புரதங்களையே பிரித்தெடுத்துவிட்டார்கள். புரதத்தை ஒரு சிறு மணியில் ஏற்றிக் குழாய் நுனியின் பக்கவாட்டில் வைத்தால், குழாய் அந்தப் பக்கம் வளைந்து வருகிறது. சமையலறையில் இருந்து வரும் தாளிப்பு வாசத்தை மோந்து வருவது போலத்தான்.

அப்புறம் நடப்பது இன்னும் அழகு. குழாய் ஒரு துணைச் செல்லுக்குள் நுழைந்து வெடித்து, இரண்டு ஆண் அணுக்களை விடுகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது, இன்னொன்று பக்கத்துச் செல்லோடு சேர்ந்து அந்தக் கருவுக்கான உணவுத் திசுவாகிறது. அழைத்துவந்த துணைச் செல்கள் அழிகின்றன. அழைப்பும் நின்றுவிடுவதால், அடுத்த குழாய் வேறு சூலைத் தேடிப் போகிறது. நீங்கள் பொரியலுக்கு நறுக்கும்போது வழித்தெடுக்கும் ஒவ்வொரு பரங்கி விதைக்குப் பின்னாலும் இப்படி ஒரு தனிப் பயணம் இருக்கிறது.

கருவுற்ற விதைகள் ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. "வளர்" என்று சூலகத்துக்கு அவை அனுப்பும் தாக்கீது அது. 1950ல் நிட்ச் என்ற அறிஞர் ஸ்ட்ராபெரிப் பழத்தின் மேல் இருக்கும் விதைகளை எல்லாம் எடுத்துவிட்டார், பழம் வளர்வது நின்றது. எடுத்த இடத்தில் ஆக்சின் தடவினார், மறுபடி வளர்ந்தது. நம் தோட்டத்தில் இதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பிய பரங்கியையோ வெள்ளரியையோ வெட்டிப் பாருங்கள். பெரும்பாலும் சூம்பிய பக்கத்தில் விதைகள் முற்றியிருக்காது. வந்த மகரந்தம் எல்லாச் சூலுக்கும் போதவில்லை.

தாக்கீதே வராவிட்டால் கொடி அந்தச் சூலகத்துக்குச் சத்து அனுப்புவதை நிறுத்திவிடும். அது மஞ்சளாகிச் சுருங்கும். வாடிய இதழ்களில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து, அங்கிருந்து பிஞ்சுக்குள் இறங்கும். வாசகி சொன்ன "நுனியில் இருந்து அழுகல்" இதுதான். இன்னொரு காரணமும் உண்டு. பிஞ்சின் மேல் ஊசி குத்தியது போலப் புள்ளியும் பிசினும் இருந்து, வெட்டினால் உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. அதையெல்லாம் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். கொடியில் ஏற்கெனவே இரண்டு மூன்று காய் பெருத்துக்கொண்டிருந்தால் புதிய பிஞ்சுகளைக் கொடியே கழிப்பதும் உண்டு.

வாசகியிடம் நான் திருப்பிக் கேட்டேன்: காலை ஏழு மணிக்குப் பூவில் தேனீ பார்க்கிறீர்களா? யோசித்துவிட்டு எழுதினார், இந்த வருடம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்று. முன்பு வீட்டுக்குக் கிழக்கே எள்ளும் ஆமணக்கும் போட்ட காடு இருந்ததாம், வேலியில் வேம்பும் புங்கனும் நின்றதாம். இப்போது அங்கே கல் நட்டுப் பிளாட் போட்டுவிட்டார்கள்.

பரங்கியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அங்கே பூசணிப்பூவையே நம்பி வாழும் தனித் தேனீ இனங்கள் இருக்கின்றன. ஆண் தேனீக்கள் வாடிய பூவுக்குள்ளேயே தூங்கும். நம் ஊருக்கு விதை வந்தது, அந்தத் தேனீக்கள் வரவில்லை. இங்கே அந்த வேலையை நம் அடுக்குத் தேனீயும் மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் கொசுத்தேனீயும் ஏற்றுக்கொண்டன. அவை நம் இரண்டு சென்ட்டில் வயிறு வளர்க்க முடியாது. அடுக்குத் தேனீ பெரும்பாலும் கூட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இரை தேடும். அந்த வட்டத்தின் பரப்பைக் கணக்குப் போட்டால் 776 ஏக்கர் வருகிறது. அத்தனையிலும் ஆடி முதல் ஆனி வரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பூக்களை வைத்திருப்பவர்கள் சுற்றுவட்டார விவசாயிகள். உழவர் சந்தைக்குப் போய், அல்லது வயலுக்கே போய், அவர்களிடம் காய் வாங்குவதை நான் வற்புறுத்துவது இதனால்தான். விளைச்சலுக்கு நியாயமான காசு கிடைத்தால் நிலம் நிலமாக இருக்கும், வேலி வேலியாக இருக்கும். நம் கொடியிலும் காய் பிடிக்கும்.

பழகிவிட்டால் இன்னொன்றும் பேசலாம். பூச்சி மருந்து அடிக்கிறவரிடம், காலையில் அடிக்க வேண்டாம், சாயங்காலம் அடியுங்கள் என்று சொல்லிப் பார்க்கலாம். சுரை, பீர்க்கு, புடல் போட்டவர் என்றால் அதுவும் சிக்கல்தான். அவற்றின் பூ விரிவதே மாலையில். சுரைப்பூவுக்கு இரவில் அந்துப்பூச்சி வரும், பீர்க்கம்பூவுக்கு அந்தியில் கருவண்டும் தேனீயும் வரும். அங்கே மருந்தின் அளவையே குறைப்பதுதான் வழி.

நம் தேனீக்களைப் பற்றிய ஆய்வுக்கு இன்னும் நிறையப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீப் பெட்டிகளைக் காலி செய்தது. மார்த்தாண்டம் பக்கத்துத் தேன் விவசாயிகள் வாழ்வாதாரத்தை இழந்தார்கள். அப்படி ஒன்று மறுபடி வந்தால் எதிர்கொள்ளும் அறிவு முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். "இதனால் உடனே என்ன லாபம்" என்று கேட்டு நிதியை வெட்டினால் அது கிடைக்காது. 1962ல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர் பி. மகேஸ்வரியின் குழு, கசகசாச் செடியின் சூல்களைச் சோதனைக் குழாயில் வைத்து, மேலே மகரந்தம் தூவி, அங்கேயே விதை உண்டாக்கிக் காட்டியது. மகரந்தக்குழாய் ஆராய்ச்சியில் நாம் முன்வரிசையில் நின்ற காலம் அது. மீண்டும் நிற்க முடியும்.

அதுவரை வாசகிக்கு ஒரு கைவேலை. மறுநாள் விரியப்போகும் மொட்டு முந்தின மாலையே நுனி மஞ்சளாகிக் கூராக நிற்கும், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறில் இருந்து எட்டுக்குள் புதிதாக விரிந்த ஓர் ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்துவிடுங்கள். நடுவில் நிற்கும் மஞ்சள் தண்டை, பெண் பூவின் நடுவே மூன்று பிரிவாக இருக்கும் சூல்முடியில் எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாகத் தேயுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். நூல் கட்டித் தேதி எழுதி வையுங்கள். நான்கைந்து நாளில் தெரிந்துவிடும். பிடித்த பிஞ்சு பளபளப்போடு பெருக்கும், காம்பு தடிக்கும்.

பீர்க்குக்கும் இதே வேலைதான், மாலை ஐந்தரைக்குப் போக வேண்டும்.