இறக்கத்தில் பிடித்து நிறுத்துவது யார்?

‘ஏற்கெனவே ஒரு 110 சிசி வண்டி இருக்கிறது. மலைப்பாதைகளில் நாள்கணக்கில் ஓட்ட இரண்டாவதாக ஒரு பைக் வாங்கப் போகிறேன். எத்தனை சிசி இருந்தால் மலை ஏறும்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

ஏறுவதைப் பற்றி மட்டும் என்றால் பதில் சின்னது. எல்லா வண்டியும் ஏறும். சில முக்கி முனகி ஏறும். உயரே போகப் போகக் காற்று மெலிவதால் 1000 மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தி குறையும். எனவே உச்சக் குதிரைத்திறனை விட்டுவிட்டு, 3000, 4000 ஆர்பிஎம்மிலேயே நல்ல இழுவை தருகிற வண்டியைப் பாருங்கள். காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்வதால், கார்புரேட்டரைவிட எஃப்ஐ (பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்) மேல். அவ்வளவுதான்.

சரி, ஏறியதெல்லாம் இறங்க வேண்டுமே?

வண்டி, ஆள், மூட்டை எல்லாம் சேர்ந்து 250 கிலோ என்று வையுங்கள். 1000 மீட்டர் கீழே இறங்கினால், பள்ளிக்கூடத்தில் போட்ட அதே நிலை ஆற்றல் கணக்குப்படி, ஏறக்குறைய 24.5 லட்சம் ஜூல். ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாகப் போகும்போது காற்று எதிர்ப்பு சொற்பம். பிரேக்கை மட்டும் நம்பினால் பெரும்பகுதிச் சூடு டிஸ்க்கில்தான் இறங்கும். அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கு. டாட் 4 என்ற தரத்துப் புதிய பிரேக் ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய ஆயிலுக்கு அதே விதி கேட்பது 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் வரும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். எனக்கு ஒருமுறை லீவர் பஞ்சு மாதிரி கைப்பிடி வரை வந்தது. அன்றிலிருந்துதான் எஞ்சின் பிரேக்கிங் மேல், அதாவது கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டு எஞ்சினையே வேகத்தைப் பிடிக்க வைப்பதன் மேல், இந்தக் காதல்.

அது எப்படி நடக்கிறது? ‘பிஸ்டன் காற்றை அமுக்கச் சிரமப்படுகிறது, அதனால் வண்டி நிற்கிறது’ என்பார்கள். தவறு. ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சை எடுங்கள். நுனியை விரலால் மூடித் தண்டை அமுக்குங்கள், பிறகு விடுங்கள். தண்டு திரும்பி எழும். அமுங்கிய காற்று ஒரு ஸ்பிரிங்; வாங்கியதைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடும். இப்போது நுனியை மூடியபடி தண்டை வெளியே இழுங்கள். கை வலிக்கும். உள்ளே கிட்டத்தட்ட வெற்றிடம். அந்த நிலையில் விரலை எடுங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே பாயும். நீங்கள் இழுத்த உழைப்பு? அந்தப் ‘புஸ்’ஸோடு போயிற்று, திரும்பி வராது.

ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் எஞ்சினுக்குள் நடப்பது இதுதான். எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் இருக்கும் த்ராட்டில் தகடு மூடிக்கொள்ள, பிஸ்டன் அந்தச் சின்ன இடுக்கு வழியாக உறிஞ்சித் திணறுகிறது. பிறகு எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது சைலன்சர் பக்கத்திலிருந்து காற்று பின்னோக்கிப் பாய்ந்து அந்த வெறுமையை நிரப்புகிறது. அதே ‘புஸ்’. இதோடு எஞ்சினின் உராய்வும் சேரும். அதன் பங்கும் சிறியதல்ல.

டீசல் எஞ்சினில் பொதுவாக இப்படி மூடும் தகடு கிடையாது, ஸ்பிரிங் மட்டும்தான். 1931-இல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் டீசல் லாரி ஒன்றில் இறங்கிய டீசல் எஞ்சின் தயாரிப்பாளர் கிளெஸ்ஸி கம்மின்ஸ், பிரேக் கைவிட்டு மயிரிழையில் தப்பினார். பின்னாளில் அவர் கண்ட வழி அழகானது: காற்று முழுதாக அமுங்கிய நொடியில் வால்வைத் திறந்துவிடு. ஸ்பிரிங் திருப்பிக் கொடுப்பதற்குள் அதைப் பிடுங்கி எறிந்துவிடுவது!

நம் பைக்குக்கு வருவோம். ஒவ்வொரு உறிஞ்சலும் ஒரு சின்னப் பிடி என்பதால், கியரைக் குறைக்கக் குறைக்க ஒரு மீட்டருக்கு இத்தனை பிடி என்ற கணக்கு கூடும். மெலிந்த காற்று இதையும் பலவீனமாக்கும். மிக உயரத்தில் இன்னும் ஒரு கியர் குறைத்தே இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்பது நம் காலத்து மூடநம்பிக்கை. பெரும்பாலான எஃப்ஐ வண்டிகளில் கியரில் இறங்கும்போதுதான் பெட்ரோலே நிற்கிறது. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவாவது கொஞ்சம் குடித்தாக வேண்டும்.

வாங்கும்போது விளம்பரத்தாளில் இதையெல்லாம் தேடாதீர்கள். உச்சக் குதிரைத்திறனைக் கொட்டை எழுத்தில் போடுபவர்கள் இழுவை வரைபடத்தைக்கூடப் போடுவதில்லை. டெஸ்ட் ரைடுக்கு ஒரு சரிவைக் கேளுங்கள். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டுவிட்டு, பிரேக்கைத் தொடாமல் இறங்குங்கள். வேகம் ஏறாமல் நின்றால் அது மலைக்கு ஆகும். சட்டென்று கியர் குறைக்கும்போது பின்சக்கரம் துள்ளாமலிருக்க ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தால் நல்லது. அப்புறம், பழைய வண்டி வாங்குவதானால் முன் லீவர் பக்கத்தில் பிரேக் ஆயில் டப்பாவின் சின்னக் கண்ணாடியைப் பாருங்கள். ஆயில் கறுத்திருந்தால் முதல் செலவு அதுதான்.