பிந்தி வந்த கெட்டிமேளம்

2020 ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரில் சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் ஊரடங்கு தொடங்கியபோது, பாட்டு வகுப்பும் மிருதங்க வகுப்பும் ஏற்கெனவே வீட்டுத் திரைக்குள் போயிருந்தன. நான் பகலில் நெட்வொர்க் பொறியாளர், இரவில் கட்டற்ற இசை மென்பொருள்களுக்கு நிரல் எழுதுகிறவன். அந்த நாள்களில் தெரிந்தவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “வீட்டில் 1 ஜிகாபிட் இணையம் இருக்கிறது. அப்புறம் ஏன் தாளம் ஒன்றாகச் சேர மாட்டேன் என்கிறது?”

10 ஜிகாபிட்டுக்கு மாறியவர்களும் இன்று இதையே கேட்கிறார்கள். ஒலிக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ ஒலியைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினாலும் வினாடிக்கு 1.5 மெகாபிட்தான் ஆகும். ஓப்பஸ் என்ற ஒலிச்சுருக்கியில் சுருக்கினால் 128 கிலோபிட்டிலேயே நன்றாக இருக்கும். மாதக் கட்டணத்தைக் கூட்டுவதற்கு முன்னால், உங்கள் மென்பொருள் ஒலியை எந்த நெறிமுறையில் (கணினிகள் தரவை அனுப்பிப் பெறும் விதிகள்) அனுப்புகிறது என்று பாருங்கள்.

நான் செய்த தவறையே சொல்கிறேன். நாலைந்து பேர் சேர்ந்து, பிரவுசரிலேயே ஓடும் ஒத்திகைச் செயலி ஒன்றை எழுதினோம். ஒலியை அனுப்ப, பிரவுசரும் சர்வரும் தொடர்ந்து பேச உதவும் வெப்சாக்கெட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஃபயர்வால்கள் பெரும்பாலும் அதைத் தடுப்பதில்லை, எழுதவும் சுலபம். அதற்கு அடியில் ஓடுவது டிசிபி என்ற நெறிமுறை. வீட்டில் இரண்டு மடிக்கணினிகளைக் கேபிளில் இணைத்துச் சோதித்தபோது அருமையாக ஓடியது. பிறகு உண்மையான ஒத்திகை. ஈசூனில் ஒரு மாணவி பாடிக்கொண்டிருக்கும்போது அவள் அம்மா மைக்ரோவேவைப் போட்டார். அந்த வீட்டு வைஃபை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இருந்தது. மைக்ரோவேவின் கசிவும் அதே இடத்தில்தான். குரல் நின்றது. அரை வினாடி அமைதி. பிறகு அவள் குரல் திரும்பியது, ஆனால் எல்லோருக்கும் அரை வினாடி பின்னால். மைக்ரோவேவ் நின்று பத்து நிமிடம் ஆகியும் அவள் பின்னாலேயேதான் இருந்தாள். தன் மேல்தான் தப்பு என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்று இரவு, நெட்வொர்க்கில் போவதைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து பார்த்தேன். வரிசையாக மறுஅனுப்பல்கள். இணையத்தில் தரவு பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகத்தான் போகும். டிசிபி எந்தப் பாக்கெட்டையும் தொலைந்தபடி விடாது, வரிசையையும் மாற்றாது. நடுவில் ஒன்று தொலைந்தால், அதை மறுபடி வாங்கும்வரை பின்னால் வந்து சேர்ந்தவற்றையும் செயலியிடம் தராது. லினக்ஸில் டைமர் தீர்ந்து மறுபடி அனுப்ப நேர்ந்தால் குறைந்தது 200 மில்லிவினாடி காத்திருக்கும். அதற்குள் ஒலி தேங்கிவிடுகிறது. ஸ்பீக்கர் ஒரே வேகத்தில்தான் வாசிக்கும் என்பதால், தேங்கியதை நிரல் வேண்டுமென்றே தூக்கி எறிந்தால் ஒழிய அது கரையாது. என் நிரல் எறியவில்லை.

வங்கிக் கணக்குக்கு இந்த ஒழுங்கு அவசியம். ஆனால் தாலி ஏறிய பிறகு கெட்டிமேளம் வந்து என்ன செய்வது? சேர்ந்து பாடும்போது பிந்திய ஒலி தொலைந்த ஒலிக்குச் சமம். அங்கே யுடிபி என்ற நெறிமுறைதான் சரி. அது தொலைந்ததை மறுபடி அனுப்பாது. 128 சாம்பிள் (ஒலி அளவீடு) கொண்ட ஒரு பாக்கெட் 2.7 மில்லிவினாடி ஒலி. அது தொலைந்தால் தொலைந்ததுதான், அடுத்தது வந்துவிடும். அந்த ஓட்டையை ஓப்பஸ் ஊகித்து நிரப்பும். இணையத்தில் சேர்ந்து வாசிப்பதற்கான மென்பொருள்களான ஜாம்யுலஸ், ஜாக்ட்ரிப் இரண்டும் ஒலியை யுடிபியில்தான் அனுப்புகின்றன.

தாமதம் என்பது ஓர் அளவு வரைக்கும் பகையில்லை. ஒலி காற்றில் ஒரு மில்லிவினாடிக்கு 34 சென்டிமீட்டர்தான் போகும். மேடையில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே 9 மில்லிவினாடி. ஜாக்ட்ரிப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ் சேஃபும் சகாக்களும், இரண்டு பேரைத் தனித்தனி அறையில் வைத்து 3 முதல் 78 மில்லிவினாடி வரை தாமதம் கொடுத்துக் கைதட்ட வைத்தார்கள். தாமதம் மிகக் குறைவாக இருந்தபோது வேகம் ஏறியது, அதிகமானபோது இறங்கிக்கொண்டே போனது. ஒரே மேடையில் இருப்பது போன்ற தாமதத்தில்தான் காலப்பிரமாணம், அதாவது வேகம், மாறாமல் நின்றது. சிங்கப்பூர் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சுமார் 50 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் கால் மில்லிவினாடி! உட்லண்ட்ஸும் பிடோக்கும் சேர்ந்து வாசிக்க இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. இந்த வசதியை வைஃபையிலும் புளூடூத் ஹெட்ஃபோனிலும் நாம்தான் தொலைக்கிறோம். புளூடூத் மட்டுமே பெரும்பாலும் 100 மில்லிவினாடிக்கு மேல் சாப்பிடும். பத்து வெள்ளி கேபிள் போதும்.

ஒரே அளவாக வரும் தாமதத்துக்குக் காது பழகிக்கொள்ளும். ஒவ்வொரு பாக்கெட்டும் ஒவ்வொரு நேரத்தில் வந்தால் பழகாது. அந்தத் தடுமாற்றத்துக்கு ஜிட்டர் என்று பெயர். அதைச் சமன் செய்ய, வந்ததைச் சற்றுத் தேக்கிவைத்துச் சீராகத் தரும் ஒரு தாங்கல் (பஃபர்) வைக்கிறோம். யுடிபிக்கு மாறிய பிறகு என் நேரம் முழுவதும் அந்தத் தாங்கலின் அளவைச் சரிசெய்வதில்தான் போனது.

பிரவுசரே வேண்டும் என்றால், அதில் நேரடியாகப் பேச உதவும் வெப்ஆர்டிசி இருக்கிறது, அதுவும் யுடிபி வழிதான். ஆனால் அது பேச்சுக்காகப் பிறந்தது. அதன் இரைச்சல் நீக்கி, இடைவிடாமல் ஒரே சுருதியில் ஒலிக்கும் சுருதிப்பெட்டியை ஏர்கான் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். வகுப்பு தொடங்கிய சில வினாடிகளில் சுருதி மங்கிப்போகிறதா? எதிரொலி நீக்கம், இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு மூன்றையும் அணையுங்கள். எதிரொலி நீக்கத்தை அணைத்தால் ஹெட்ஃபோன் கட்டாயம்.

கோயில் கச்சேரியை ஊரெல்லாம் கேட்கும்படி ஒலிபரப்பும் கதை வேறு. பினாங்கில் இருக்கும் சித்தப்பா பத்து வினாடி கழித்துக் கேட்டால் என்ன நட்டம்? விட்டுவிட்டுக் கேட்டால்தான் வருத்தம். அங்கே டிசிபியில் ஓடும் ஐஸ்காஸ்ட் என்ற ஒலிபரப்பு மென்பொருளே போதும், யுடிபியைத் தொடாதீர்கள். மேடையிலிருந்து சர்வர் வரைக்கும் மட்டும் எஸ்ஆர்டி என்ற நெறிமுறையைப் போடலாம். அது யுடிபியின் மேல் ஓடி, தொலைந்ததைக் குறித்த கெடுவுக்குள் மட்டும் மறுபடி கேட்கும். வழக்கமான கெடு 120 மில்லிவினாடி.

யுடிபிக்கும் விலை உண்டு. பள்ளி, அலுவலக நெட்வொர்க்குகள் பலவற்றில் அது தடைபடும். நெரிசல் வந்தால் தானாக அடங்காது. நிரல் எழுதுபவர்தான் அடக்க வேண்டும். ஜாம்யுலஸில் ஒலி மறையாக்கம் (பிறர் ஒட்டுக்கேட்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்படுவதில்லை என்பதையும் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, சென்னையில் குரு, இங்கே சிஷ்யன். 2002இல் போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். ஒரு வழிக்கே 16 மில்லிவினாடி. இரு முனையிலும் தாங்கலையும் ஒலி அட்டையையும் கூட்டினால் சுலபமாக 40ஐத் தாண்டும். எந்த நெறிமுறையும் இதைக் குறைக்காது. குரு பாடி முடித்த பிறகு சிஷ்யன் பாடட்டும், சேர்ந்து வேண்டாம் என்றுதான் சொல்லி வந்தேன். பிறகு நிஞ்சாமைப் பார்த்தேன். 2005இல் வந்த கட்டற்ற மென்பொருள். தாமதத்தைக் குறைப்பதை விட்டுவிட்டு, ஒரு முழுச் சுற்று வரைக்கும் அதுவே கூட்டுகிறது: எதிரில் இருப்பவர் போன சுற்றில் வாசித்தது இந்தச் சுற்றில் கேட்கும். அவ்வளவு அவகாசம் இருப்பதால் அது டிசிபியிலேயே ஓடுகிறது. ஆதி தாளத்துக்கு 8 அடி, நிமிடத்துக்கு 60 என்று வைத்தால் ஓர் ஆவர்த்தனம் (ஒரு தாளச் சுற்று) 8 வினாடி. ஒரு மிருதங்க மாணவனும் அவன் குருவும் இப்போது இப்படித்தான் சாதகம் செய்கிறார்கள். சர்வலகு, அதாவது சீராக ஓடும் நடை, சுகமாகப் போகிறது. கணக்காக வாசித்துச் சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) சேர்ந்து முடிக்கும் கோர்வை மட்டும் முடியாது. குரு சமத்தில் வந்து இறங்குவது அவனுக்கு அடுத்த ஆவர்த்தனத்தில்தான் கேட்கிறது.