விலைக்கு வாங்கிய இணைப்புகளும் தேடுபொறியின் தண்டனையும்

2011 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மாலை 7 மணிக்குக் கூகுளில் 'சாம்சோனைட் கேரி ஆன் லக்கேஜ்' என்று தேடியவர்களுக்கு முதலாவதாக வந்தது ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கப் பல்பொருள் அங்காடியின் பக்கம். அந்தப் பெட்டியைத் தயாரிக்கும் சாம்சோனைட் நிறுவனத்தின் சொந்தத் தளம்கூட அதற்குக் கீழேதான் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் அந்தப் பக்கம் 71-ஆம் இடத்துக்குப் போய்விட்டது. பென்னியின் வியாபாரத்துக்குத் துளியும் தொடர்பில்லாத ஏராளமான தளங்களில், உடை, படுக்கை விரிப்பு, மேசை நாற்காலி போன்ற சொற்களின்மேல் அந்த அங்காடிக்கான இணைப்புகள் செருகப்பட்டிருந்ததை 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் கண்டறிந்து கூகுளிடம் விளக்கம் கேட்டதன் விளைவு இது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று மறுத்த பென்னி நிறுவனம், தனக்கு எஸ்.இ.ஓ. (தேடல் முடிவுகளில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை) செய்து தந்த ஆலோசனை நிறுவனத்தை நீக்கியது.

இதைத் தண்டனை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் நடப்பதைக் கூர்ந்து பார்த்தால், அது இணைப்புகளைக் கொண்டு பக்கங்களை மதிப்பிடும் ஓர் அளவீட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு என்பதும், எந்தெந்தச் செயல்கள் தண்டிக்கப்படும் என்பதை அந்த அளவீட்டின் கணக்கிலிருந்தே ஊகித்துவிடலாம் என்பதும் விளங்கும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் விவரித்த பேஜ்ரேங்க் முறையில், ஒரு பக்கத்தின் மதிப்பு அதற்கு இணைப்புக் கொடுக்கும் பக்கங்களின் மதிப்பிலிருந்து பிறக்கிறது. இணையத்தில் மனம்போனபடி உலவும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அவர் 85 விழுக்காடு வாய்ப்பில் தாம் இருக்கும் பக்கத்திலுள்ள ஏதோ ஓர் இணைப்பைச் சொடுக்குகிறார், எஞ்சிய 15 விழுக்காட்டில் அலுத்துப்போய், தொடர்பே இல்லாத வேறொரு பக்கத்துக்குத் தாவுகிறார். இந்தத் தாவலால்தான் யாரும் கண்டுகொள்ளாத பக்கத்துக்கும் 0.15 என்ற அடிப்படை மதிப்பு கிடைக்கிறது.

மோசடியின் வேர் இந்த 0.15-இல் இருக்கிறது. மதிப்பு 5 உள்ள நேர்மையான பக்கம் ஒன்று 20 தளங்களுக்கு இணைப்புத் தருகிறது என்றால், ஒவ்வொன்றுக்கும் போய்ச் சேருவது 5-ஐ 20-ஆல் வகுத்து 0.85-ஆல் பெருக்கிய தொகை, அதாவது 0.2125. யாரும் படிக்காத ஒரு போலிப் பக்கத்தை உருவாக்கி, அதிலிருந்து ஒரே ஓர் இணைப்பை மட்டும் நம் தளத்துக்குக் கொடுத்தால் கிடைப்பது 0.15-இன் 85 விழுக்காடு, அதாவது 0.1275. ஆக, இரண்டு போலிப் பக்கங்கள் சேர்ந்தாலே அந்த நல்ல பக்கத்தின் பரிந்துரையைத் தாண்டிவிடும். ஆயிரம் பக்கங்களை நிரல் எழுதி உருவாக்கினால் 127.5 மதிப்பு வெறுங்கையில் முளைத்துவிடும். இணைப்புப் பண்ணைகள் என்று பேசப்படுபவை இந்தக் கணக்கின் மேல் எழுந்தவைதான். கூகுளின் இன்றைய வரிசைப்படுத்தல் இதைவிடப் பன்மடங்கு சிக்கலானது என்றாலும், இணைப்பைப் பரிந்துரையாகக் கொள்ளும் கருத்து கைவிடப்படவில்லை.

இதற்கு 2004-இல் ஸ்டான்ஃபோர்டு, யாஹூ ஆய்வாளர்கள் முன்வைத்த டிரஸ்ட்ரேங்க் என்ற முறை அழகானது. அடிப்படை மதிப்பை எல்லாப் பக்கங்களுக்கும் வாரி வழங்காமல், மனிதர்கள் கையால் சரிபார்த்துத் தேர்ந்தெடுத்த ஒரு சிறு தொகுதிக்கு மட்டும் கொடுத்து, அங்கிருந்து அது இணைப்புகள் வழியே பரவட்டும் என்று விட்டுவிடுவதே அதன் சாரம். நல்ல தளங்கள் மோசடித் தளங்களுக்கு இணைப்புக் கொடுப்பது அரிது என்பதால், ஆயிரம் போலிப் பக்கங்களும் ஒன்றுக்கொன்று கைகோத்து நின்றாலும் அவற்றின் கூட்டு மதிப்பு ஏறக்குறையப் பூச்சியமாகவே இருக்கும்.

இணைப்பு எந்தச் சொற்களின்மேல் அமைந்திருக்கிறது என்பது இன்னொரு தடயம். ஒரு கடையைப் பற்றி மக்கள் தாமாகவே எழுதும்போது சிலர் கடையின் பெயரையும், சிலர் தளத்தின் முகவரியையும், சிலர் 'இங்கே பார்க்கவும்' என்பதையும் இணைப்பாக்குவார்கள். நூற்றுக்கணக்கான தளங்கள் ஒரே விற்பனைச் சொல்லை எழுத்துப் பிசகாமல் பயன்படுத்தினால், அவற்றின் பின்னால் ஒரே கை இருக்கிறது என்று கருத இடமுண்டு. 2012 ஏப்ரலில் கூகுளின் வரிசைப்படுத்தும் முறையில் வந்த பெங்குவின் என்ற மாற்றம் இத்தகைய இணைப்பு மோசடிகளையே குறிவைத்தது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 விழுக்காடு அதனால் பாதிக்கப்படும் என்று கூகுள் அறிவித்தது. 2016-க்குப் பிறகு அது பெரும்பாலும் மோசடி இணைப்புகளின் மதிப்பை நீக்கிவிடுகிறதே தவிர, முழுத் தளத்தையும் கீழே தள்ளுவதில்லை. 'மாதம் ஆயிரம் பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து வரும் இணைப்பு), முதல் பக்கம் உறுதி' என்று தளம் வைத்திருப்போருக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்புகிறவர்களிடம் பணம் கொடுத்தால், பல சமயம் தண்டனைகூடக் கிடைக்காது. பணம் மட்டும் போகும்.

விளம்பரத்துக்காக இணைப்பு வாங்குவதே தவறு என்று இதற்குப் பொருளில்லை. 2005-இல் அறிமுகமான 'நோஃபாலோ', 2019-இல் சேர்ந்த 'ஸ்பான்சர்டு' ஆகிய குறிகளை அந்த இணைப்பின் நிரலில் இட்டுவிட்டால், இது பரிந்துரை அல்ல என்று தேடுபொறிக்குச் சொல்லிவிட்டதாக ஆகும். 2012 ஜனவரியில் கூகுளின் குரோம் உலாவிக்காகப் பணம் பெற்று எழுதப்பட்ட ஒரு பதிவில் இந்தக் குறி விடுபட்டுப்போனபோது, குரோம் பக்கத்தையே குறைந்தது 60 நாட்களுக்குக் கீழே இறக்கினார்கள். விதி தன் வீட்டுக்கும் பொருந்தும் என்று காட்டியாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்திருக்கும்.

அடுத்த வகை, ஆளுக்கொரு முகம் காட்டுவது. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் தளம் கூகுளிலிருந்து அடியோடு நீக்கப்பட்டது. அங்கே சில பக்கங்களில், பழைய கார் என்பதற்கான ஜெர்மன் சொல் மீண்டும் மீண்டும் வரும்படி உரை நிரப்பப்பட்டிருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்த மனிதரை ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கண்ணிமைக்கும் நேரத்தில் படங்கள் நிறைந்த வேறொரு பக்கத்துக்கு அனுப்பிவிட்டது. பக்கங்களைப் படித்துச் சேகரிக்கும் கூகுளின் நிரலான கிராலர் அன்று ஜாவாஸ்கிரிப்டை இயக்காததால், உரையை மட்டும் படித்துக்கொண்டு போயிற்று. இன்றைய கூகுள் கிராலர் பக்கத்தை உலாவியைப் போலவே முழுதாக உருவாக்கிப் பார்ப்பதால், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து போன்ற பழைய தந்திரங்கள் அதனிடம் எளிதில் சிக்கிவிடும்.

உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை, தரக்குறைவான பக்கங்களைக் குவித்த தளங்களை 2011-இல் வந்த பாண்டா மாற்றம் பின்னுக்குத் தள்ளியது. 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட விதிகள், தேடலில் இடம் பிடிப்பதற்காகவே பெருமளவில் பக்கங்களைத் தயாரிப்பதையும், காலாவதியான டொமைனை (தள முகவரியை) அதன் பழைய நற்பெயருக்காக வாங்கிப் பயன்படுத்துவதையும் வெளிப்படையாகத் தடுக்கின்றன. பக்கங்களை எழுதியது மனிதரா இயந்திரமா என்பதை அந்த விதி பார்ப்பதில்லை. படிப்பவருக்குப் பயன் இருக்கிறதா என்பதையே பார்க்கிறது. தளம் வைத்திருப்போர் தேவையில்லாமல் அஞ்சும் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும்: ஒரே உரை இரண்டு முகவரிகளில் இருப்பது குற்றமாகாது. தேடுபொறி அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டும், அவ்வளவே.

தேடுபொறியின் கணக்கு நிரல் தானாகச் செய்யும் இறக்கத்துக்கும் கூகுள் ஊழியர் பரிசீலித்து எடுக்கும் நடவடிக்கைக்கும் வேறுபாடு உண்டு. பின்னதற்கு மட்டும்தான் தளம் வைத்திருப்போருக்கான கூகுளின் சர்ச் கன்சோல் சேவையில் அறிவிப்பு வரும். குறையைக் களைந்தபின் மறுபரிசீலனை கோரவும் அதற்கு மட்டுமே வழி இருக்கிறது. பாடல் வரிகளுக்கு விளக்கம் தரும் ராப் ஜீனியஸ் தளம் 2013 கிறிஸ்துமஸ் சமயத்தில் இணைப்புப் பேரத்துக்காகத் தண்டிக்கப்பட்டபோது, தமக்கு இணைப்புக் கொடுத்த பக்கங்களைத் தேடிச் சேகரிக்க அதன் பொறியாளர்கள் ஒரு நிரலையே எழுதி, கோளாறான இணைப்புகளை நீக்கச் செய்து, பத்து நாட்களில் மீண்டு வந்தார்கள். நீக்கச் சொல்லியும் பிற தளத்தார் கேட்காவிட்டால், அந்த இணைப்புகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று தெரிவிக்கும் வசதி 2012 அக்டோபர் முதல் இருக்கிறது.

மறுபரிசீலனையில் வென்றபின்னும் பழைய இடம் கிடைக்கவில்லையே என்ற புகார் அடிக்கடி எழுவதுண்டு. அந்த இடத்தைப் பெற்றுத் தந்ததில் வாங்கிய இணைப்புகளுக்கும் பங்கிருந்ததால், அவற்றைக் கழித்தபின் வரும் கணக்கில் தளம் சற்றுக் கீழேதான் நிற்கும்.