கிளினிக் கணினிக்கு ஐந்தாண்டுக் கணக்குப் போடுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், கடைவீட்டில் ஒரே டாக்டரும் ஓரிரு உதவியாளர்களுமாக நடக்கும் கிளினிக்குகள் உண்டு. காய்ச்சலோ சர்க்கரையோ, செம்பனைத் தோட்டத்துக் குடும்பங்கள் முதலில் படியேறுவது அங்கேதான். அங்கே கணினிச் செலவு கூடினால், மருந்து இருப்பிலோ உதவியாளர் சம்பளத்திலோ கைவைக்க வேண்டிவரும்.

மென்பொருள் விற்க வருபவர் மாதத் தொகையைத்தான் சொல்வார். மாதம் 250 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால், ஐந்தாண்டில் 15,000 வெள்ளி. இரண்டாவது கணினிக்கான உரிமம், நோயாளிகளின் பழைய அட்டைகளைப் பதிவேற்றும் கூலி, பராமரிப்பு, இணையம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்தால் நோயாளிகளின் விவரம் எந்த வடிவில், எத்தனை நாளில், என்ன கட்டணத்துக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதையும் கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிடிஎஃப் கோப்புகளாகக் கொடுத்தால், ஒவ்வாமை, மருந்து விவரம் எல்லாவற்றையும் மறுபடி கையால் தட்ட நேரிடும். சிஎஸ்வி போன்ற அட்டவணையாகக் கேளுங்கள். பிடிக்காத மென்பொருளுக்கே ஆண்டுக்கணக்கில் பணம் கட்டும்படி மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டது. அதற்காக எல்லாக் கணினியையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். நோயாளிகளின் பதிவு இருக்கும் கணினி முதலில், மின்னஞ்சல் திறக்கும் முகப்புக் கணினி அடுத்து.

மின் விலைப்பட்டியலுக்கென்று தனி மென்பொருள் வாங்குமுன் கணக்காயரிடம் கேளுங்கள். மின் விலைப்பட்டியல் அனுப்ப வருமான வரி வாரியம் வைத்திருக்கும் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம்.

மாலையில் இடி மின்னலோடு மழை இறங்கும் ஊர்களில், மின்சாரம் போனாலும் கணினியைச் சிறிது நேரம் ஓடவைக்கும் யூபிஎஸ் கட்டாயம். ஆனால் லேசர் அச்சு இயந்திரத்தை அதன் பேட்டரித் துளையில் செருகாதீர்கள். சூடேறும்போது அது இழுக்கும் மின்சாரத்தில் சிறிய யூபிஎஸ் அணைந்துபோகும். தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கும் அதில் இடமில்லை. பேட்டரியை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும். மூடிய அலமாரிக்குள் வைத்தால் வெப்பத்தில் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

செலவைக் குறைக்கிறோம் என்று காப்புப்பிரதியில் மட்டும் கைவைக்காதீர்கள். இரண்டு வெளி வட்டுகள் போதும். இன்று ஒன்று, நாளை மற்றொன்று. பிரதி எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியபடியே விட்டால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் அந்த வட்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஒரு வட்டு கிளினிக்குக்கு வெளியே இருக்கட்டும், தீயோ திருட்டோ இரண்டையும் கொண்டுபோகாமல் இருக்க. வெளியே போகும் வட்டை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டி, மீட்புச் சாவியை அச்சிட்டு வேறிடத்தில் வையுங்கள்; விண்டோஸ் புரோ இருந்தால் இதற்குத் தனிச் செலவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தப்படி, 2025 ஜூன் முதல், கடும் பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும்.

'பேக்அப் முடிந்தது' என்று திரையில் வந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். உள்ளே வெற்றுக் கோப்பு இருக்கலாம், ஸ்கேன் செய்த படங்கள் விடுபட்டிருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, பத்து நோயாளிகளின் பதிவைத் திறந்து, கடைசி வருகைத் தேதியையும் மருந்தையும் சரிபாருங்கள்.