பழைய காரில் பெட்ரோல் வாடையா? ஹோஸையும் கிளிப்பையும் பாருங்கள்

காலையில் சாவி போட்டதும் லேசாகப் பெட்ரோல் வாடை அடிக்கும். வண்டி சூடானதும் போய்விடும். "பழைய வண்டிதானே" என்று அப்படியே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் தெருக்களில் இன்றைக்கும் டொயோட்டா டாஸ், நிசான் 1400 பேக்கி, ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் ஓடுகின்றன. இவற்றின் உற்பத்தி முறையே 2006, 2008, 2009-இல் நின்றது. தென்னாப்பிரிக்காவில் சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் சோதனை கிடையாது, கைமாறும்போதுதான் ரோட்வர்தி என்ற தகுதிச் சோதனை. ஒரே வீட்டில் 20 வருடமாக நிற்கும் வண்டியின் அடிப்பக்கத்தை யாரும் குனிந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வயதானால் வண்டிக்குப் பெட்ரோல் வாடை வராது. ஒழுகினால்தான் வரும்.

வாடை எப்போது வருகிறது என்று கவனித்தாலே இடம் பாதி பிடிபடும். டாங்கியை நிரப்பிய அன்று மட்டும் வந்தால், பெட்ரோல் ஊற்றும் கழுத்து ஹோஸ் அல்லது காற்றுபோக்கு ஹோஸ் வெடித்திருக்கும். காலையில் மட்டும் வந்தால், இறுகிப்போன ஹோஸ் நுனி. எஞ்சின் சூட்டில் ரப்பர் உப்பி அடைத்துக்கொள்வதால் மெக்கானிக்கிடம் போகும்போது ஒன்றும் தெரியாது. எஞ்சின் ஆயில் குச்சியை உருவினால் பெட்ரோல் வாடை, ஆயில் மட்டமும் ஏறியிருக்கிறது என்றால், எஞ்சினில் பொருத்திய பெட்ரோல் பம்பின் உள்சவ்வு (டயஃப்ரம்) கிழிந்திருக்கக்கூடும். பம்பையும் ஆயிலையும் மாற்றாமல் அந்த வண்டியை ஓட்டக்கூடாது.

ஹோஸை இரண்டு விரலால் பிடித்து வளைத்துப் பாருங்கள். நல்ல ஹோஸ் வளைந்து மீளும். கெட்டது மரக்குச்சிபோல் நிற்கும், கிளிப்புக்குப் பக்கத்தில் மயிரிழை வெடிப்புகள் வாய் திறக்கும். இரும்புக் குழாயில் வேறு கதை. டர்பனின் உப்புக்காற்றில், குழாயை வண்டியின் அடித்தட்டோடு பிடித்திருக்கும் கிளிப்புக்குள்தான் ஈரமும் மண்ணும் தங்கித் துரு அரிக்கும். வெளியே பார்த்தால் குழாய் முழுசாக இருக்கும். கிளிப்பைக் கழற்றினால் துரு செதிள் செதிளாக உதிரும். மிச்சப் பெட்ரோலை டாங்கிக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாயையும் விடாதீர்கள். அழுத்தம் குறைவு என்று பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

அதிகம் நடக்கும் தவறு, தவறான ஹோஸ் போடுவது. கார்புரேட்டர் வண்டியில் அழுத்தம் ஏறத்தாழ 3 முதல் 6 பிஎஸ்ஐ. இன்ஜெக்ஷன் வண்டியில் 36 முதல் 45 வரை போகும். ஹோஸின் மேலேயே அச்சிட்டிருக்கும்: ஆர்6, ஆர்7 கார்புரேட்டருக்கு, இன்ஜெக்ஷனுக்கு ஆர்9. இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும், எழுத்தைப் படித்துத்தான் வாங்க வேண்டும். டாங்கிக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு இரண்டும் ஆகாது, ஆர்10 வேண்டும். தண்ணீர் ஹோஸையும் தெளிவான பிளாஸ்டிக் டியூபையும் எந்த இடத்திலும் போடாதீர்கள்.

அளவில் சமரசம் வேண்டாம். 6 மி.மீ. முனைக்கு 8 மி.மீ. ஹோஸை மாட்டிக் கிளிப்பை முறுக்கினால் ரப்பர் மடியும், அந்த மடிப்பு வழியே ஒழுகும். முனைமேல் சுமார் 25 மி.மீ. ஏற்றி, முனையின் மேட்டைத் தாண்டிக் கிளிப்பை வையுங்கள். பட்டியில் துளை போட்ட சாதாரண கிளிப் ரப்பரை அறுக்கும். விளிம்பு மழுங்கிய பெட்ரோல் கிளிப்பே போடுங்கள். வெடித்த நுனியை வெட்டிவிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டுவதும் வீண்வேலை. ஒரு நுனி வெடித்தால் மறு நுனிக்கும் அதே வயதுதான்.

துருப்பிடித்த குழாயைச் செம்புக் குழாயால் மாற்றாதீர்கள். அதிர்வில் செம்பு இறுகி விரிசல் விடும். செம்பு-நிக்கல் குழாய் அல்லது பூச்சுள்ள இரும்புக் குழாய் எடுத்து, குழாய் வெட்டியால் வெட்டுங்கள். ஹாக்சா ரம்பத்தின் தூள் இன்ஜெக்டருக்குள் போகும். ஹோஸ் ஏறும் முனையில் மேடு எழுப்பாவிட்டால் அழுத்தத்தில் கழன்றுவரும். நட்டில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் சிலிக்கான் பூசுவதும் தீர்வு அல்ல. டேப்பின் இழை கார்புரேட்டரின் நுண்துளையான ஜெட்டை அடைக்கும், சாதாரண சிலிக்கானைப் பெட்ரோல் உப்பவைத்துக் கெடுத்துவிடும். பாஞ்சோ போல்ட்டின் (உள்துளை வழியே பெட்ரோல் ஓடும் போல்ட்) வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

வேலைக்கு முன் பாதுகாப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து தூரத்து நெருப்பைத் தொடும். பக்கத்தில் பிராய் அடுப்பு, சிகரெட், கம்பி பல்பு விளக்கு எதுவும் கூடாது. வாங்கிய பழைய காருக்குப் பூசை போட்டு முன்னால் கற்பூரம் கொளுத்தும் வழக்கம் நமக்கு உண்டு. வாடை இருந்தால் முதலில் ஒழுக்கைச் சரிசெய்யுங்கள், பூசை பிறகு. குறைந்தது 2.5 கிலோ டிசிபி (உலர் ரசாயனத் தூள்) தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், தண்ணீர் ஆகாது. எஞ்சின் ஆறட்டும், பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். பம்ப் ஃபியூசை எடுத்து எஞ்சினை ஓடவிட்டு அழுத்தம் இறக்கும் முறை ஒழுகாத வண்டிக்குத்தான். ஒழுகும் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் இரவு முழுக்க நிறுத்திவிட்டு, இணைப்பைத் துணியால் மூடி மெல்லத் தளர்த்துங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் எல்லா இணைப்பையும் துடைத்துக் காயவிட்டு, சிந்தியது முழுக்க ஆவியாகி வாடை போன பிறகு பேட்டரியை மாட்டுங்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் சாவியை நாலைந்து முறை ஆன் வரை திருப்பினால் பம்ப் ஒவ்வொரு முறையும் ஓரிரு விநாடி ஓடும். ஒருவர் திருப்ப, ஒருவர் டார்ச்சோடு பார்க்கட்டும். கார்புரேட்டர் வண்டியை 10 நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு அடியில் செய்தித்தாளை விரித்துவைத்து, மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மறுபடி பாருங்கள்.