ஸ்டெல்லேரியம் தப்பா காட்டல, உங்க லேப்டாப் கடிகாரம் தப்பா ஓடுது

இந்த ஆறு மாசத்துல இது நாலாவது போன். "சார், நீங்க போட்டுக் குடுத்த அந்த ஸ்டெல்லேரியம் தப்பா காட்டுது சார், ஃப்ரீல வர்றது அப்படித்தான் இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, வேற ஏதாவது நல்லதா இருந்தா சொல்லுங்க."

ஸ்டெல்லேரியம்ங்கிறது, எந்த ஊர்ல எந்த நேரத்துல வானம் எப்படி இருக்கும்னு கம்ப்யூட்டர்ல காட்டுற இலவச சாஃப்ட்வேர். ஸ்கூல் லேப்களுக்கு உபுண்டு, அதாவது விண்டோஸுக்குப் பதிலா கம்ப்யூட்டர ஓட்டுற லினக்ஸ்ல ஒரு வகை, போட்டுக் குடுக்குறதுதான் என் வேலை. மாசத்துல ரெண்டு நைட்டாவது டெலஸ்கோப்ப தூக்கிட்டு ஏதாவது ஒரு ஸ்கூல் மைதானத்துக்குப் போயிடுவேன். அதனால வானம், கம்ப்யூட்டர் ரெண்டு பக்கத்துப் புகாரும் என்கிட்டதான் வரும். இந்தப் புகார இனிமே போன்ல ஒவ்வொருத்தருக்கா சொல்ல முடியாது, அதான் எழுதிடறேன்.

கடைசியா போன் பண்ணது மதுரை பக்கத்துல ஒரு ஸ்கூல் சயின்ஸ் வாத்தியார். பொங்கல் லீவு முடிஞ்ச வாரம், ராத்திரி ஏழரை மணி, மைதானத்துல வெள்ளத் துணி கட்டி புரொஜக்டர் போட்டு எட்டாங்கிளாஸ் பசங்கள உக்கார வச்சிருக்கார். திரையில ஓரியன் (நடுவுல மூணு நட்சத்திரம் வரிசையா நிக்குற நட்சத்திரக் கூட்டம்) மேற்குப் பக்கம் நடு உயரத்துல இருக்கு, இவரும் அத நம்பி "எல்லாரும் மேற்க பாருங்க"ன்னு சொல்லிருக்கார். ஒரு பொண்ணு எந்திரிச்சு, "சார், அந்த மூணு நட்சத்திரம் வரிசையா கிழக்குலதான சார் தெரியுது"ன்னு சொல்லிருக்கு. அந்தப் பொண்ண உக்காரச் சொல்லிட்டாங்க. எனக்கு ரொம்ப வலிச்சது அந்த இடம்தான். அந்த மைதானத்துலயே நிஜ வானத்த பாத்தது அந்தப் பொண்ணு ஒண்ணுதான்.

அங்க நடந்தது இதுதான். அந்த லேப்டாப்ல விண்டோஸ், உபுண்டு ரெண்டும் இருக்கு. மத்தியானம் யாரோ விண்டோஸ்ல மார்க் ஏத்திருக்காங்க. கம்ப்யூட்டருக்குள்ள பேட்டரில ஓடுற கடிகாரம் ஒண்ணு இருக்கும், அதுல இருக்கறத விண்டோஸ் நம்ம ஊர் நேரம்னு எடுத்துக்கும், லினக்ஸோ அது நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி இருக்கற கிரீன்விச் நேரம்னு நினைச்சுக்கிட்டு அதோட அஞ்சரை மணி நேரத்த கூட்டிக்கும். நெட் இருந்தா லினக்ஸ் தானா சரி பண்ணிக்கும், மைதானத்துல நெட் ஏது? ஏழரை மணி ராத்திரி ஒரு மணி ஆயிடுச்சு, தேதியும் மறுநாளைக்குப் போயிடுச்சு. வானம் மணிக்கு 15 டிகிரி நகரும், அஞ்சரை மணிக்கு 82 டிகிரிக்கு மேல. ஜனவரி நடுவுல ஏழரை மணிக்கு கிழக்குல பாதி உயரத்துல நிக்குற ஓரியன், ராத்திரி ஒரு மணிக்கு மேற்குல கிட்டத்தட்ட அதே உயரத்துலதான் நிக்கும். சாஃப்ட்வேர் சொன்னது அச்சு அசல் சரி, ராத்திரி ஒரு மணிக்கு.

இப்ப இந்த "ஃப்ரீன்னா அப்படித்தான்" பேச்சுக்கு வர்றேன், கொஞ்சம் நீளமாதான் சொல்லப் போறேன், பொறுத்துக்கோங்க. ஸ்டெல்லேரியம் கேமரா இல்ல. எங்கயோ ஒரு டெலஸ்கோப் எடுத்த லைவ் படத்த அது உங்களுக்குக் காட்டல. நீங்க குடுக்குற ஊர், நீங்க குடுக்குற நேரம், இந்த ரெண்ட வச்சு கணக்கு போடுது, அவ்வளவுதான். கிரகங்களோட இடத்துக்கு வி.எஸ்.ஓ.பி.87ங்கிற கணக்குமுறை, பிரான்ஸ்ல வானியல் கணக்குக்காரங்க 1987ல உருவாக்கினது. நட்சத்திரத்துக்கு அடிப்படையா இருக்கறதுல முக்கியமானது ஹிப்பார்கோஸ் பட்டியல், ஐரோப்பாக்காரங்க 1989ல அனுப்பின செயற்கைக்கோள் ஒரு லட்சத்துக்கு மேல நட்சத்திரங்கள ஒவ்வொண்ணா அளந்து 1997ல வந்தது. இன்ஸ்டால் பண்ண உடனே ஆறு லட்சத்துக்கு மேல நட்சத்திரம் உள்ள இருக்கும், இன்னும் வேணும்னா இறக்கிக்கலாம். ஃபேபியன் ஷெரோன்னு ஒருத்தர் 2000 வாக்குல ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் எத்தனையோ பேர் சேந்து வளத்திருக்காங்க. அது கட்டற்ற மென்பொருள், காசு வாங்காதது மட்டும் இல்ல, உள்ள போட்ட கணக்கு வரிக்கு வரி திறந்து கிடக்கு, தப்பு இருந்தா உலகத்துல யார் வேணா பாத்து சொல்லலாம், திருத்தலாம். காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேருக்கும் நீங்க தப்பான நேரம் குடுத்தா தப்பான வானத்ததான் காட்டும்.

அந்த வாத்தியார் நான் சொல்றதுக்கு முன்னாடியே யாரோ பென் டிரைவ்ல குடுத்த கிராக் சாஃப்ட்வேர் ஒண்ண ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டு விண்டோஸ்ல போட்டுட்டார். வைரஸ் வந்து அரையாண்டு மார்க் ஃபைல் மொத்தமும் போச்சு. தயவு செஞ்சு இத மட்டும் பண்ணாதீங்க. ஸ்டெல்லேரியம் புடிக்கலன்னா கேஸ்டார்ஸ் இருக்கு, கார்ட் டு சியல் இருக்கு, எல்லாமே சட்டப்படி இலவசம்.

நேரத்த சரி பண்றது சுலபம். விண்டோஸ், உபுண்டு ரெண்டும் இருக்குற மெஷின்ல, உபுண்டுல டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையில ஹார்ட்வேர் கடிகாரத்த, அதான் அந்த பேட்டரி கடிகாரத்த, லோக்கல் டைம்னு, அதாவது நம்ம ஊர் நேரம்னு எடுத்துக்கச் சொல்லிட்டா போதும். (எங்க தொழில்ல இருக்கறவங்க விண்டோஸத்தான் மாத்தணும்னு சண்டைக்கு வருவாங்க, முறைப்படி அதுதான் சரி, ஆனா நம்ம நாட்டுல கோடைக்கு ஒரு நேரம் குளிருக்கு ஒரு நேரம்னு மாத்துற பழக்கம் இல்லாததால இதுல பெருசா சிக்கல் வராது.) எப்படியும் மைதானத்துக்குப் போனதும் எஃப்5 அழுத்தி ஸ்டெல்லேரியத்துல இருக்கற நேரத்த உங்க செல்போன் நேரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. பசங்க விளையாட்டா எல் பட்டனத் தட்டி நேரத்த ஓட விட்டிருந்தா கே அழுத்துங்க, அப்புறம் 8 அழுத்துங்க, மெஷின் நேரத்துக்கு வந்துடும்.

அடுத்து ஊர். நெட் இல்லாம முதல் தடவ திறந்தா அது பாரிஸ்ல போய் உக்காந்துக்கும். பாரிஸ்ல அகத்தியர் நட்சத்திரம், அதான் கனோபஸ், வருஷம் பூரா உதிக்கவே உதிக்காது. எஃப்6 அழுத்தி ஊர எடுங்க, அதையே டீஃபால்ட்டா வச்சிடுங்க. நெட்வொர்க் மூலமா இடத்த கண்டுபிடிங்கிற டிக்க எடுத்து விட்டுடுங்க.

வீட்லயே இன்ஸ்டால் பண்ணி, திறந்து பாத்துட்டு வாங்க. நிகழ்ச்சி அன்னிக்கு அப்டேட் போடாதீங்க. பழைய லேப் மெஷின்ல கறுப்புத் திரை வந்தா கிராஃபிக்ஸ் டிரைவர பாருங்க, சாஃப்ட்வேர திட்டாதீங்க. நைட் மோட போட்டு திரைய சிவப்பாக்குங்க, இல்லேன்னா பசங்க கண்ணு இருட்டுக்குப் பழகவே பழகாது.

சூரியன் விஷயத்துல மட்டும் கண்டிப்பா சொல்றேன். ஏ பட்டன அழுத்தினா பகல்லயும் நட்சத்திரம் தெரியும், அத பாத்துட்டு புதன் சூரியனுக்குப் பக்கத்துலதான இருக்குன்னு பைனாகுலர எடுத்துட்டு வெயில்ல நிக்குறவங்கள நான் நேர்ல தடுத்திருக்கேன். கண்ணு போயிடும், ஒரு நொடி போதும். மோட்டார் வச்ச டெலஸ்கோப்ப லேப்டாப்ல இணைச்சிருக்கீங்கன்னா பகல்ல அத ஓட விடவே விடாதீங்க. நேரம் தப்பா இருக்குற மெஷின் சொல்ற திசைக்கு அது திரும்பும்போது நடுவுல சூரியன் வரலாம், வராதுன்னு உங்களால சொல்ல முடியாது.

பிப்ரவரி நடுவுல அந்த ஸ்கூலுக்கு நானே போனேன். லேப்டாப்ப திறக்கறதுக்கு முன்னாடி பசங்கள வடக்கப் பாக்க நிக்க வச்சேன். துருவ நட்சத்திரம் உங்க ஊர் அட்சரேகை எவ்வளவோ அத்தன டிகிரி உயரத்துல நிக்கும், மதுரைக்கு சுமார் 10. கைய நல்லா நீட்டி முஷ்டிய மடக்கினா அதோட அகலம் 10 டிகிரி. பாரிஸ்னா அஞ்சு முஷ்டி வேணும். தண்ணி டேங்க் மறைச்சதால எல்லாரையும் கொடிக்கம்பத்துப் பக்கம் நகத்தினேன். அந்தப் பொண்ணு ஒரு கண்ண மூடிக்கிட்டு முஷ்டிய அடிவானத்துல வச்சுப் பாத்துட்டு, "இருக்கு சார், சரியா கைக்கு மேல"ன்னுச்சு. அப்புறம்தான் திரையப் பாத்தோம், ஒத்துப் போச்சு. ஓரியன்ல இருக்கற திருவாதிரை தலைக்குக் கொஞ்சம் கீழ, தெற்குல அகத்தியர். வாத்தியார் அன்னிக்கு எல்லாத்தையும் அந்தப் பொண்ணையே காட்டச் சொல்லிட்டு பசங்களோட உக்காந்துட்டார்.